ஆஃப் அண்ணனும் புகையாத வண்டியும்

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்ஸை நிழற்குடைக்கு நேராக நிறுத்துவதுதான் முறை. எல்லா டிரைவர்களும் அப்படித்தான் நிறுத்துவார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும் ஒரு வண்டி நீளம் தாண்டிப் போய், சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார். கை பிரேக்கை இழுத்துவிட்டு இஞ்சினையும் அணைத்துவிடுவார். அங்கே எங்கள் வண்டிக்குக் கொஞ்ச நேரம் நிற்கும் கணக்கு உண்டு. ஏறுகிறவர்கள் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். திட்டு வாங்குவது கண்டக்டராகிய நான்.

“ஏம்பா, ஸ்டாப் அங்க இருக்கு, நீங்க எங்க கொண்டுபோய் நிறுத்துறீங்க? இங்கதான் டிரைவரோட மாமியார் வீடா?”

அவர் காதில் எதுவும் விழாத மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் எனக்கே பொறுமை போய்விட்டது. கிட்டே போய்க் கேட்டேன். அவர் பக்கவாட்டுக் கண்ணாடியைக் காட்டினார். அதில் நிழற்குடை தெரிந்தது. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ஜன்னல் ஒன்று தெரிந்தது.

“அது நெஞ்சு நோய்க்காரங்க வார்டு. நிழற்குடைக்கு நேரா நின்னா நம்ம புகைக்குழாய் சரியா அந்த ஜன்னலப் பாத்துதான் ஊதும். கிளம்பும்போது குப்புனு ஒண்ணு விடும் பாரு, அது நேரா உள்ளதான் போகும். உள்ளேருந்து ஒரு கை வந்து ஜன்னல மூடும். வண்டி போனதும் திறக்கும். அடுத்த வண்டி வந்ததும் மறுபடி மூடும். பாவம், அந்தக் கைக்கு இதே வேல.”

“யாரு அண்ணே அது? தெரிஞ்சவங்களா?”

“முகம் பாத்ததில்ல. கை மட்டும்தான் தெரியும். இப்ப பாரு, நாம நிக்கிறோம். மூடல பாத்தியா?”

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் பச்சைப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

“இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. அப்புறம் மகான் வராரு வழி விடுங்கன்னு டெப்போல நம்மள ஓட்டியே கொன்னுருவானுங்க” என்றார்.

அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

டெப்போவில் அவருக்கு ‘ஆஃப்’ என்று பெயர். சிக்னலோ, ரயில்வே கேட்டோ, கடைசி நிறுத்தமோ, வண்டி நின்றதும் சாவியைத் திருப்பி, தனக்குத்தானே “ஆஃப்” என்று ஒரு சொல் சொல்லிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் வண்டி சும்மா உறுமிக்கொண்டிருந்தால் தலையை வெளியே நீட்டி, “ஆஃப் பண்ணுப்பா, ஆஃப்” என்று அந்த டிரைவரையும் கெஞ்சுவார். விவரம் தெரியாதவர்கள் அந்தப் பெயரை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். புதிதாக வந்த டைம் கீப்பர் ஒருவர் நல்ல மனுஷர். அண்ணனைத் தனியாக அழைத்து, “உங்க வயசுக்கு ஆஃப் எல்லாம் தாங்காதுங்க. கொஞ்சம் குறைச்சு குவார்ட்டரா ஆக்கிக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. “குறைக்க முடியாது சார். நாள் பூரா ஆஃப்தான். வண்டி ஓட்டும்போதே அஞ்சாறு தடவ ஆயிரும்.”

அந்த மனுஷர் ஆடிப்போய்விட்டார். நாங்கள் எல்லோரும் சொல்லிப் புரியவைக்கப் பாடாய்ப் பட்டோம். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பீடி, சிகரெட் வாசனையே ஆகாது. பின்னால் வரப்போகும் விஷயத்துக்காக இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மற்ற டிரைவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் இஞ்சினை அணைக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வண்டிகள் எல்லாம் கிழடுகள். அணைத்தால் செல்ஃப் எடுக்காது. பிறகு ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கம் இருந்ததால் பிழைத்தோம், உருட்டிவிட்டு கியரில் போட்டால் பற்றிக்கொள்ளும். சமதரையில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. “டிக்கெட்டும் எடுத்து வண்டியும் தள்ளணுமா? இதுக்கு நடந்தே போயிருப்பேனே” என்று முணுமுணுத்தபடி இறங்குவார்கள். பின்னால் தோள் கொடுப்பது நான்தான்.

“அண்ணே, ஆஃப் பண்றது நீங்க. தள்றது நான்.”

“தள்ளு தம்பி. புண்ணியத்துல உனக்கும் பாதி.”

“பாதியா? நீங்க உட்கார்ந்துட்டுத்தானே இருக்கீங்க?”

“சரி, முழுசையும் நீயே எடுத்துக்க. வண்டி கிளம்பினா போதும்.”

காலையில் முதல் விசில் கொடுக்கும் முன் கண்ணை மூடி ஆண்டவனிடம் இரண்டு வார்த்தை சொல்வது என் வழக்கம். மற்ற டிரைவர்களோடு போகும்போது நான் கண்ணைத் திறப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். அண்ணன் அப்படி இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே காத்திருப்பார். கண்ணைத் திறந்ததும், “சொல்லியாச்சா? போலாமா?” என்பார். நான் இரண்டு விசில் கொடுப்பேன். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் எனக்காகக் காத்திருக்காமல் எடுத்ததில்லை.

அந்தக் காலத்து வண்டியில் இஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேலே ரெக்ஸின் தைத்த ஒரு மூடி போட்டிருக்கும். அந்த மூடி எப்போதும் சரியாக மூடாது. இடுக்கு வழியாகச் சூடும் புகையும் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் இருந்தால் அதன்மேலும் இரண்டு பேர் உட்காருவார்கள். வெயில் காலத்தில் அண்ணனின் இடது கால் வெந்துவிட்ட மாதிரி சிவந்துகிடக்கும். அந்த இடுக்கில் வைக்க அண்ணி ஒரு பழைய போர்வையை மடித்துக் கொடுத்தார். அது கரி பிடித்துக் கறுத்துவிடும். அண்ணி துவைத்துத் துவைத்துக் கொடுப்பார். துவைக்கும்போது தண்ணீர் மை மாதிரி ஓடுமாம். “இது போர்வைல இருக்கறது. உங்க நெஞ்சுக்குள்ள இருக்கறத யாரு துவைக்கிறது?” என்று அண்ணி ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். அண்ணன் அதற்கும் ஏதோ விளையாட்டாகத்தான் பதில் சொன்னார்.

ஒரு சமயம் டெப்போவில் எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஓர் அம்மா வந்திருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோரையும் “வாங்க, உட்காருங்க” என்று மரியாதையாகப் பேசினார். பலகையில் பெரிதாகப் ‘பசுமை இல்ல வாயு’ என்று எழுதினார்.

அண்ணன் கையைத் தூக்கினார். “அம்மா, ஒரு சந்தேகம். பசுமை இல்லன்னு எழுதியிருக்கீங்க. ஏன் இல்ல? எங்க போச்சு?”

கொட்டகையே சிரித்தது. பின்னால் இருந்து ஒரு மெக்கானிக், “ஆஃப்பு, உன் தலைல முடி எங்க போச்சோ அங்கதான்!” என்று கத்தினான். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீங்க படிச்ச மாதிரியும் படிக்கலாம்தான், எனக்கு இத்தன நாளா தோணவே இல்ல” என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். இல்லம் என்றால் வீடு. குளிர் தேசத்தில் செடி வளர்க்கக் கண்ணாடியால் வீடு கட்டுவார்கள், வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது.

எங்கள் முகத்தைப் பார்த்து இது போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். “எல்லாக் கண்ணாடியையும் ஏத்திட்டு வெயில்ல ஒரு பஸ்ஸ நிறுத்திட்டுப் போறீங்க. திரும்பி வந்து கதவத் திறந்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

“அடுப்பு மாதிரி இருக்கும்” என்றோம்.

“பூமிக்கு அதுதான் ஆகுது. நாம எரிக்கிற டீசல், கரி எல்லாத்துலேருந்தும் ஒரு வாயு மேல போய், ஏத்திவிட்ட கண்ணாடி மாதிரி நிக்குது. வந்த சூடு வெளிய போக முடியல. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுதே, நீங்க பாக்கலியா?”

பார்க்காமலா? வண்டியில் பிடித்து நிற்கும் கம்பியே கையைச் சுட்டது. நின்றபடியே மயங்கி விழுந்தவர்களை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

அண்ணன் மறுபடி எழுந்தார். “நம்ம வண்டில கரும்புகை வராதும்மா. மெக்கானிக் தலைமேலயே நின்னு டீசல் பீச்சுற நாசில் எல்லாம் சுத்தம் பண்ண வச்சிருக்கேன்.”

“ரொம்ப நல்லது. ஜனங்க நெஞ்சுக்கு அது பெரிய உதவி. ஆனா இந்த வாயு கண்ணுக்குத் தெரியாதுங்க. புகை சுத்தமா இருந்தாலும், வண்டி ஓடுற வரைக்கும் அது போய்க்கிட்டுத்தான் இருக்கும்.”

அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.  அன்று கடைசி நடை முடிந்து வண்டியை விட்டு இறங்கும்போது, “தெரியாமயும் போகுதாம் தம்பி” என்று மட்டும் சொன்னார். பெரிய துரோகம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி அவர் முகம் வாடியிருந்தது.

அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். பேட்டரியில் ஓடும் வண்டி வரப்போகிறது, புகைக்குழாயே இருக்காது, அந்த மின்சாரத்தையும் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்தால் இன்னும் நல்லது என்று. டெப்போவில் யாரும் நம்பவில்லை. “பொம்மை வண்டியெல்லாம் நம்ம ஊர் ரோட்டுல ஓடுமா?” என்றார்கள். அண்ணன் ஒருவர் நம்பினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். நடைக்கு நடை சொல்வார், “அது வந்ததும் நான்தான் எடுப்பேன். நேரா ஆஸ்பத்திரி நிழற்குடைக்குக் கொண்டுபோய் நிறுத்துவேன். தள்ளி இல்ல, கரெக்டா அதுக்கு நேரா. அந்த ஜன்னல் திறந்தே இருக்கணும்.” நானும் என் பிரார்த்தனையில் அதை ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டேன்.

வண்டிகள் வருவதற்கு முன்பே இருமல் வந்துவிட்டது. தூசி என்றார். பிறகு சளி என்றார். படிக்கட்டு ஏறி வந்து இருக்கையில் உட்கார்ந்தால் மூச்சு நிலைக்கு வரக் கொஞ்ச நேரமாகும். நான் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்யும் நேரத்தை வேண்டுமென்றே நீட்டினேன், அதற்குள் அவர் சுதாரித்துக்கொள்வார் என்று. அவருக்கு அது தெரிந்துவிட்டது. “இன்னிக்கு ஆண்டவன்கிட்ட மனு பெருசா இருக்கே” என்றார்.

பேட்டரி வண்டிகள் வந்து இறங்கின. ஓட்டப்போகிறவர்களுக்கு உடல் பரிசோதனை. அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் வாசலில் நின்றேன். டாக்டர் ஒரு குழாயை நீட்டி, ஊதச் சொன்னார். டிரைவர்களுக்கு ஊதுவது என்றால் ஒன்றுதான் தெரியும்.

“சார், ஆஃப்னு பேருதான். நான் குடிக்கிறதில்ல சார்.”

“அதுக்கு இல்லீங்க. மூச்சு எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன். நல்லா இழுத்து ஊதுங்க.”

இழுத்து ஊதினார். மறுபடி ஊதச் சொன்னார்கள். இன்னொரு தடவையும் ஊதினார், கண்ணில் தண்ணீர் வர. டாக்டர் அந்தக் குழாயை மெதுவாக வாங்கி வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நுரையீரல் சுருங்கி, கெட்டிப்பட்டுப் போயிருந்தது. “புகைப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை என்றார். இஞ்சின் புகையினால்தான் என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, பல காரணம் இருக்கலாம் என்றார். நான் கரி ஓடிய அந்தப் போர்வைத் தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

இனி வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். டெப்போவிலேயே இலகுவான வேலை கொடுத்தார்கள். என்ன வேலை தெரியுமா? பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஒயர் மாட்டுவது. காலையில் நாங்கள் வரும்போது அவர்தான் ஒயரைப் பிடுங்கி, வண்டியைத் தடவிக்கொடுத்து அனுப்புவார். என்னோடு பேட்டரி வண்டிக்கு ஒரு மீசைக்காரரை டிரைவராகப் போட்டார்கள். வாய் முரட்டுத்தனம், மனசு வெல்லம்.

ஒருநாள் மத்தியானம் கொட்டகையில் ஆள் இல்லாத நேரம். மீசைக்காரர் இருக்கையிலிருந்து இறங்கி, “ஏறுங்கண்ணே. டெப்போவுக்குள்ள ஒரு ரவுண்டு. எவன் கேக்கறான் பாப்போம்” என்றார்.

அண்ணன் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தார். மீசைக்காரர் சொன்ன பொத்தானை அழுத்தினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

“ஸ்டார்ட் ஆகல.”

“ஆயிடுச்சுண்ணே.”

“ஆயிடுச்சா? சத்தமே இல்லையே?”

“அவ்வளவுதாண்ணே இதுக்கு. மிதிங்க, போகும்.”

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டேய் தம்பி, நான் வாழ்நாள் பூரா ஆஃப் பண்ணிப் பண்ணி உசுர விட்டேன். இது பொறந்ததுலேருந்தே ஆஃப்புடா! இதுக்கு என் பேரத்தான் வைக்கணும்.”

நாங்களும் சிரித்தோம். அவர் கால் மிதிமேல் இருந்தது. ஆனால் மிதிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார், பழக்கத்தில் என்னைத் தேடியிருப்பார். பிறகு பொத்தானை மறுபடி அழுத்தினார்.

“ஆஃப்” என்றார். “நடுவுல இருமல் வந்துச்சுன்னா வண்டிய எங்க கொண்டுபோய் முட்டுவேனோ. ஜனங்களுக்குன்னு வந்த வண்டி. உடம்பு சரியாகட்டும், டாக்டரே எழுதிக் குடுப்பாரு. அப்ப முறையா ஓட்டறேன்.”

மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீசையைத் தடவினார். டாக்டர் எழுதிக் கொடுக்கப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த வெயில் காலம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டுதான். நான் முதல்முறை பார்க்கப் போனபோது, வெளியிலிருந்து கண்ணாடியில் இத்தனை வருஷம் பார்த்த ஜன்னலை உள்ளேயிருந்து பார்த்தேன். அண்ணனின் கட்டில் அதை ஒட்டியே இருந்தது. மூக்கில் குழாய். அண்ணி கையில் விசிறி. பழைய டீசல் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியுமா? அவை ஒவ்வொன்றாக வந்து நிழற்குடைக்கு நேராக நின்று உறுமின. அண்ணி எழுந்து ஜன்னலை மூடுவார். போனதும் திறப்பார். உட்கார்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அண்ணன் அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “முன்ன இந்தக் கட்டில்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டுப் பாத்தேன் தம்பி. இங்க யாருக்கும் தெரியல” என்றார்.

பிறகு என் வண்டியைப் பற்றிக் கேட்டார். தினமும் வருகிறோம், சரியாக நிழற்குடைக்கு நேராகத்தான் நிற்கிறோம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. “வரீங்களா? எனக்குத் தெரியலையே. மத்ததெல்லாம் சத்தம் போட்டுக்கிட்டு வருது. உங்க வண்டிதான் ஊமையாச்சே. எழுந்து பாக்கவும் முடியல. எனக்கு எப்படித் தெரியும்?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “வந்ததும் ஒரு விசில் குடு. சின்னதா.”

மறுநாளிலிருந்து கொடுத்தேன். வண்டி நின்றதும் ஒரே ஒரு சின்ன விசில். “நின்ன வண்டிக்கு நிக்கச் சொல்லி விசிலா?” என்று மீசைக்காரர் முதல்நாள் கேட்டார், காரணம் சொன்னதும் “அப்ப ஊதுங்க” என்றார். ஒரு நர்ஸ் வெளியே வந்து, “ஆஸ்பத்திரி முன்னாடி விசில் ஊதறீங்களே, அறிவிருக்கா?” என்று சத்தம் போட்டார். மறுநாள் அவரே ஜன்னல் பக்கம் நின்று, ஊதலாம் என்று தலையை ஆட்டினார். விசில் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு கை ஜன்னல் கம்பிமேல் வந்து உட்காரும். மெலிந்து, நரம்பு தெரியும் கை. நாங்கள் கிளம்பும்வரை அது அங்கேயே இருக்கும். ஜன்னல் திறந்தே இருக்கும். அவர் ஓட்டிவந்து நிறுத்தவேண்டிய இடத்தில்தான் அந்த வண்டி நின்றது. என் பிரார்த்தனையின் அந்த ஒரு வரியை ஆண்டவன் பாதியோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒருநாள் விசில் கொடுத்தேன், கை வரவில்லை. மறுபடி கொடுத்தேன். அண்ணி ஜன்னலில் வந்து, உள்ளே வா என்று கூப்பிட்டார். பையோடு ஓடினேன். கண்ணைத் திறந்தபடிதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.  கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். அன்று ஆண்டவனிடம் எத்தனை வார்த்தை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது, முன்பு கண்ணாடியில் பார்ப்பாரே அதே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். “சொல்லியாச்சா? போலாமா?” என்று கேட்பார் என்று நினைத்தேன்.

வெளியே வண்டி நிறைய ஜனங்கள். கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. “வரேன் அண்ணே, வண்டி நிக்குது” என்று கையை விடுவிக்கப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு வண்டியைச் சும்மா உறுமிக்கொண்டு நிற்கவிடாத மனுஷர் அவர். அன்று எங்கள் வண்டி நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று டெப்போவில் விளக்கம் கேட்டார்கள், மீசைக்காரர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். அண்ணன் என் கையை விடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, இதைத்தான் சொன்னார்:

“நிக்கட்டும்டா தம்பி. அதுதான் புகையாதே. கொஞ்ச நேரம் இரேன்.”